அப்பா கடைசல் மெசின் தேடிய மாரிகாலம்

இத்தாலியின் மொண்டெல்லோக் கடற்கரை மாரிகாலத்தில் எப்படி இருக்கும் என்பது நம்மைப் போன்றவர்களுக்குத்தான் தெரியும். கோடையில் வருகிறவர்கள் குடைகளையும் ஐஸ்கிறீமையும் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். ஊரை விட்டு வந்த நம்முடைய அப்பாமார் அங்கே உணவகங்களின் பின்பக்கத்தில் கோப்பை கழுவியவர்கள். கடைசிக் குடையையும் மடக்கி வைத்த பிறகு அவர்களுக்கு வேலை இல்லை. அடுத்த வெயில் வரும்வரை வீட்டில் இருப்பார்கள். பள்ளி விட்டு வரும்போது கதவைத் திறப்பது அப்பாவாக இருந்தால் அது மாரிகாலம். இதை வாசிக்கும் உங்களுக்கும் என்னைப்போல ஐம்பது கடந்திருக்கும், படியேறும்போது முழங்கால் முனகத் தொடங்கியிருக்கும். ஆனாலும் கதவைத் திறந்த அந்த முகங்களை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள்.

என் அப்பா அந்த முகத்தை மறைக்க எதையாவது திருத்திக்கொண்டிருப்பார். இஸ்திரிப்பெட்டி, என் புத்தகப்பையின் சிப், பக்கத்து வீட்டு அழைப்பு மணி. திருத்த ஒன்றும் இல்லாத நாட்களில், திருத்தியதை மறுபடி கழற்றுவார். நாங்கள் நகரத்துக்குள், அல்பெர்கேரியாவில், சந்தைக்குப் பின்னால் ஒரு ஒழுங்கையில், மூன்றாம் மாடியில் இருந்தோம். இரண்டு அறையும் ஒரு குசினியும். கீழேயிருந்து அவித்த சாக்குக்கணவாய் மணமும், மீன்காரரின் கூவலும் யன்னல் வழியாக ஏறிவரும். பள்ளியில் நான் சமையலறையைக் 'குசினி' என்று சொன்னபோது, 'குச்சீனா' என்ற இத்தாலியச் சொல்லைப் பிழையாகச் சொல்கிறேன் என்று ஆசிரியை திருத்தினார். அது எங்களுடைய சொல்தான் என்று அவருக்கு விளங்கப்படுத்த எனக்கு அப்போது தெரியவில்லை.

அம்மா வியா மக்வேதா என்ற பெருந்தெருவுக்குப் பக்கத்தில் ஒரு பெரிய வீட்டில் ஒரு முதியவரைப் பார்த்துக்கொண்டாள். நாங்கள் அவரை நொன்னோ என்போம். இத்தாலியப் பிள்ளைகள் தங்கள் தாத்தாவைக் கூப்பிடும் விதம் அது. இளவயதில் அமெரிக்காவுக்குப் போய், அங்கே இரும்புத் தொழிற்சாலையில் உழைத்து, மனைவி இறந்த பிறகு மகளோடு இருக்கத் திரும்பி வந்தவர். அந்த மகள்தான் அம்மாவுக்குச் சம்பளம் கொடுத்த சின்யோரா. நான் சொல்லும் மாரிக்கு முந்திய கோடையில் நொன்னோவுக்குப் பாரிசவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சும் போய்விட்டது.

ஆனால் அவரிடம் ஒரு சட்டி இருந்தது. உள்ளங்கை அளவான வட்ட மரச்சட்டி. மேலே வாயை மூடிப் பதித்த சிலேட்டுக்கல், அடியில் சின்னச் சின்னத் துளைகள். மரக்குச்சியால் கல்லை உரசினால் பெட்டை வான்கோழி கத்துவதுபோலவே சத்தம் வரும். அமெரிக்காவில் வேட்டைக்காரர்கள் மரத்தடியில் ஒளிந்திருந்து இதை உரசுவார்களாம், சேவல் தேடிக்கொண்டு வருமாம். இளவேனிலில் அதுதான் அவருடைய சந்தோசம். அந்தச் சட்டியை அவரே செய்தார் என்று சின்யோரா ஒருநாள் அம்மாவிடம் சொல்லியிருந்தாள்.

பேச்சுப் போன பிறகு நொன்னோ சட்டியை முழங்கால்களுக்கு இடையில் இடுக்கி, இடது கையால் உரசி அம்மாவைக் கூப்பிட்டார். நீளமாக ஒன்று என்றால் தண்ணீர். குட்டையாக இரண்டு என்றால் வந்து தலையணையைச் சரிசெய். அம்மா ஒரு கிழமையில் அந்தப் பாஷையைப் படித்துவிட்டாள். சின்யோராவுக்கோ அது தலையிடி. கட்டடத்தில் இருந்தவர்கள் வீட்டுக்குள் கோழி வளர்க்கிறீர்களா என்று கேட்கத் தொடங்கியிருந்தார்கள்.

ஐப்பசியில் ஒருநாள் சட்டி முழங்காலில் இருந்து வழுகி பளிங்குத் தரையில் விழுந்தது. கல் உடைந்தது, மரமும் பிளந்தது. சின்யோரா அதைக் குப்பையில் போட்டுவிட்டு, கண்ணாடி அலுமாரியில் இருந்த பித்தளை மணியை எடுத்துக் கட்டில் பக்கத்தில் வைத்தாள். நொன்னோ மணியைத் தொடவில்லை. தாகமெடுத்தாலும் தொடவில்லை. படுக்கை நனைந்தாலும் தொடவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தார்.

அம்மா குப்பையில் இருந்து சட்டியின் துண்டுகளை எடுத்து, பேப்பரில் சுற்றி, வீட்டுக்குக் கொண்டுவந்து அப்பாவின் முன்னால் வைத்தாள்.

"இஞ்சாருங்கோ, இதைத் திருத்த ஏலுமோ?"

அப்பா துண்டுகளைப் பொருத்திப் பார்த்தார். "திருத்த ஏலாது. ஆனா புதுசா ஒண்டு செய்யலாம். இதிலை என்ன பெரிய விசயம் இருக்கு?"

ஊரில் வான் ஓட்டிய மனிதர். மரத்தைத் தொட்டதே இல்லை. உடைந்த கதிரைக்கால் ஒன்றையும் உளியையும் எடுத்துக்கொண்டு மாடத்தில் குந்தினார். சில நாட்களுக்குப் பிறகு வந்த சட்டி கத்தரிக்காய்போல் ஒரு பக்கம் வீங்கியிருந்தது. அதில் கல்லை வைத்து உரசியபோது, அடிப்பிடித்த சோற்றுப்பானையைச் சுரண்டும் சத்தம் வந்தது. நான் சிரித்தேன். அப்பாவும் சிரித்தார், ஆனால் உடனே அல்ல.

கீழ்வீட்டில் ஒரு மாமா இருந்தார். மன்னார்க்காரர். ஞாயிற்றுக்கிழமைகளில் கோயிலுக்கு வெள்ளைச் சேட்டுப் போட்டுப் போவார், மற்ற நாட்களில் ஒரு தளபாடப் பட்டறையில் பலகை தூக்குவார். அவர் கத்தரிக்காய்ச் சட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அண்ணை, இது கையாலை வராது. சுத்துச்சுவர் எல்லாப் பக்கமும் ஒரே மொத்தமா இருந்தாத்தான் சத்தம் எழும்பும். தோர்னியோ வேணும். கடைசல் மெசின். மரம் சுத்தும், நீங்கள் உளியைப் பிடிச்சுக்கொண்டிருந்தாச் சரி."

அப்பா அந்தச் சொல்லை வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். தோர்னியோ. அவர் முகம் மாறியது எனக்கு நினைவிருக்கிறது.

போகும்போது மாமா குசினி வாசலில் நின்று அம்மாவிடம் மெல்லச் சொன்னார். "அக்கா, எங்கடை பட்டறையிலை ஒண்டு நிக்குது. நான் கேட்டா முதலாளி ஒரு பின்னேரத்துக்குள்ளை கடைஞ்சு தருவார்."

"வேண்டாம் தம்பி," என்றாள் அம்மா. "இதை அவருக்குச் சொல்லிப் போடாதையும்."

நான் மேசைக்குக் கீழே கணக்குக் கொப்பியோடு இருந்தேன். எனக்கு அம்மாவில் கோபம் வந்தது. சுகமான வழி இருக்க எதற்குக் கஷ்டமான வழி? அதை அப்பாவிடம் சொல்லிவிடலாமா என்றுகூட யோசித்தேன். ஏனோ சொல்லவில்லை.

தேடல் தொடங்கியது. அப்பாவின் இத்தாலியன் கோப்பை, கரண்டி, சூடு, கவனம் என்ற அளவில் நின்றிருந்தது. எனவே பள்ளி விட்டதும் என்னைக் கூட்டிக்கொண்டு போவார். வியா மக்வேதாவில் இருந்து பிரியும் ஒரு சந்தில் தொழிற்கருவிகள் விற்கும் கடை ஒன்று இருந்தது. எண்ணெய், இரும்பு, புது மரப்பிடி எல்லாம் சேர்ந்த மணம் வாசலிலேயே வரும். கடைக்காரர் பென்சிலைக் காதில் செருகியிருந்தார்.

"என்ன கடையப் போகிறீர்கள்?" என்று கேட்டார்.

நான் அப்பாவைப் பார்த்தேன். "வான்கோழியின்ரை குரல் எண்டு சொல்லு," என்றார் அப்பா.

சொன்னேன். கடைக்காரர் பென்சிலைக் காதில் இருந்து எடுத்தார். "வான்கோழியையா கடைவீர்கள்?" பிறகு உள்ளே இருந்த இருவரையும் கூப்பிட்டு, என்னை இன்னொரு முறை சொல்லச் சொன்னார். அவர்கள் சிரித்து முடித்த பிறகு அப்பா பொக்கெற்றில் இருந்து உடைந்த சட்டியை எடுத்து மேசையில் வைத்தார். அதன் பிறகு அவர்கள் சிரிக்கவில்லை. கடைக்காரர் அதை வெளிச்சத்தில் பிடித்து, விரலால் உட்புறத்தைத் தடவி, "நல்ல கை," என்றார்.

முதலில் அவர் காட்டியது வீட்டில் துளை போடும் டிறில்லைப் பூட்டிக் கடையும் சட்டம். மலிவு. பூட்டி ஓடவிட்டதும் மேசையில் இருந்த ஆணிகள் எல்லாம் நடனமாடி ஓரத்தில் இருந்து விழுந்தன. இதில் கடைந்தால் சட்டியின் சுவர் அலை அலையாகத்தான் வரும் என்று எனக்கே தெரிந்தது. அடுத்தது யன்னலில் இருந்த சின்ன மெசின். மேசைமேல் வைக்கக்கூடியது, பச்சை நிறம், வார்ப்பட்டையைக் கப்பி மாற்றிப் போட்டால் வேகம் மாறும். அப்பா அதைத் தட்டிப் பார்த்தார். "விளையாட்டுச் சாமான் மாதிரிக் கிடக்கு," என்றார்.

மூன்றாவதை அவரே கண்டுபிடித்தார். எங்கள் ஒழுங்கைக்கு அருகே பழைய சாமான் விற்கும் சதுக்கத்தில், தலையில்லாத சிலைகளுக்கும் ஓட்டைக் குளியல் தொட்டிகளுக்கும் நடுவில் அது நின்றது. என் உயரத்துக்கு மேல் நீளம். முழுக்க வார்ப்பிரும்பு. அப்பா கையை வைத்து உலுக்கினார், அது அசையவில்லை. அந்த நிமிடமே அவர் அதில் மயங்கிவிட்டார் என்று நினைக்கிறேன். அதன் பிறகு தினமும் போய் அதைப் பார்த்தார். ஒருநாள் வீட்டுத் துணி ஒன்றைக் கொண்டுபோய்த் தூசி துடைத்து எண்ணெயும் போட்டார். இன்னும் வாங்காத மெசினுக்கு எண்ணெய் போட்ட மனிதர் அவர் ஒருவராகத்தான் இருப்பார்.

மன்னார் மாமா வந்து பார்த்துத் தலையை ஆட்டினார். "அண்ணை, இதின்ரை மோட்டருக்கு வேறை கறண்ட் வேணும். எங்கடை வீடுகளிலை இல்லை. இப்பவே சுடுதண்ணிப் பெட்டியும் இஸ்திரிப்பெட்டியும் சேர்ந்து போட்டால் மீற்றர் விழுது."

"மோட்டரை மாத்தலாம் தம்பி."

"மூண்டாம் மாடிக்கு ஆர் தூக்கிறது?"

"ஆள் பிடிக்கலாம்."

அப்பாவின் பக்கத்திலும் நியாயம் இருந்தது. நொன்னோவுக்கு ஒரு கைதான் வேலை செய்யும். ஒரு கையில் சட்டியைப் பிடித்து மறு கையால் உரச முடியாது. முழங்காலில் வைத்தால் விழும். தட்டில் வைத்தால் அடித்துளைகள் மூடிச் சத்தம் செத்துவிடும். எனவே சட்டியின் அடியில், துளைகளை மூடாத, அகலமான ஒரு பீடம் வேண்டும் என்று அப்பா கண்டுபிடித்திருந்தார். அவ்வளவு அகலமான மரம் சின்ன மெசினில் சுற்றாது, கீழ்ச்சட்டத்தில் இடிக்கும். பெரியதில்தான் சுற்றும். இதைப் பேப்பரில் கீறி எனக்குக் காட்டினார். நான் முழுமனதாக அவர் பக்கம்.

தை பிறந்ததும் அம்மா ஒரு பின்னேரம் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் வந்து குசினிக் கதிரையில் இருந்தாள்.

"நொன்னோவை முதியோர் இல்லத்துக்கு விடப் போயினமாம். டொக்டர் வந்து பாத்திட்டு, மூளையும் போட்டுது எண்டு சொல்லிப் போட்டார். மணியை அடிக்கத் தெரியேல்லை, ஒண்டும் விளங்கேல்லை எண்டு. மாசியிலை கார்னிவல் கொண்டாட்டம் முடியக் கொண்டுபோவினமாம்."

"உம்மடை வேலை?" என்றார் அப்பா.

"என்ரை வேலையை விடுங்கோ. அந்த மனிசனுக்கு எல்லாம் விளங்குது. நான் சோறு தீத்தேக்கை என்ரை கையைப் பாத்துக்கொண்டிருக்கும். சூடெண்டா இமையை மூடிக் காட்டும். அதை அவையள் காணேல்லை." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "அந்தச் சின்ன மெசினை வேண்டுங்கோவன்."

"சின்னனிலை பீடம் கடைய ஏலாது. எத்தினை தரம் சொல்லுறது?"

"பெரிசு வர, அதுக்கு மோட்டர் வர, நொன்னோ அங்கை போய்ச் சேர்ந்திடுவார்."

"உமக்கு மெசினைப் பற்றி என்ன தெரியும்?"

அம்மா குனிந்து சப்பாத்தைக் கழற்றத் தொடங்கினாள். அப்பா மாடத்துக்குப் போனார். அடுத்த சில நாட்கள் எங்கள் வீட்டில் கரண்டிகள் மட்டும் பேசின. "அப்பாவைச் சாப்பிட வரச் சொல்லு," "அம்மாவிட்டை உப்பைக் கேள்" என்று எல்லாம் என் வழியாகவே போய்வந்தன. வெளியே இத்தாலியனுக்கும் தமிழுக்கும் மொழிபெயர்த்த நான் உள்ளே தமிழுக்கும் தமிழுக்கும் மொழிபெயர்த்தேன்.

அதை முடித்தவள் அம்மா. ஒரு காலை, அப்பா கோப்பி குடித்துக்கொண்டிருக்கும்போது, மூன்று சின்னக் கோப்பிக் கோப்பைகளைக் கவிழ்த்து மேசையில் முக்கோணமாக வைத்தாள். அவற்றின்மேல் அப்பாவின் கத்தரிக்காய்ச் சட்டியை வைத்தாள். குச்சியை எடுத்து உரசினாள். அடித்துளைகள் திறந்திருந்தன. சத்தம் அசிங்கமாகத்தான் வந்தது, ஆனால் சாகவில்லை.

"மூண்டு கால் வைச்சாப் போதாதோ?" என்றாள். "கால் எண்டா மெல்லிசு. அதுக்குச் சின்ன மெசின் காணும்தானே."

அப்பா சட்டியை விரலால் தள்ளிப் பார்த்தார். "வழுகும்," என்றார்.

"அடியிலை இரப்பர் ஒட்டுங்கோ. பழஞ்செருப்புக் கிடக்கு."

அப்பா எழும்பிச் சேட்டைப் போட்டார். "பிள்ளை, வெளிக்கிடு," என்றார் என்னைப் பார்த்து. அன்றைக்கு நான் பள்ளிக்குப் போகவில்லை.

பச்சை மெசினை அப்பாவும் மன்னார் மாமாவும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துச் சந்தைக்குள்ளால் தூக்கி வந்தார்கள். மீன்காரர்கள் வழி விட்டார்கள். குசினி மேசையின் பாதியை அது பிடித்துக்கொண்டது. மீதிப் பாதியில் நாங்கள் சாப்பிட்டோம். சுடுதண்ணிப் பெட்டியை நிறுத்தினால்தான் மெசினைப் போடலாம், எனவே அந்தக் கார்னிவல் வரை நாங்கள் எல்லோரும் பச்சைத்தண்ணீரில்தான் முகம் கழுவினோம்.

முதல் மரத்துண்டு பறந்துபோய்க் கருவேப்பிலைப் போத்தலை உடைத்தது. இரண்டாவது சட்டியின் அடி கழன்று விழுந்தது. மூன்றாவதில் சுவர் மெலிந்து வெளிச்சம் தெரிந்தது. மன்னார் மாமா பட்டறையில் பார்த்ததை வந்து சொல்வார்: "உளியை அமத்தாதேங்கோ அண்ணை, மரம் தானா வந்து வெட்டுப்படட்டும்." எங்கள் சோற்றில் மரச்சீவல் விழுந்தது. என் தலைமயிரில், அம்மாவின் சேலை மடிப்பில், உப்புப் போத்தலில் எல்லாம் ஒலிவ மரத்தூள். வீட்டில் மிளகுபோல ஒரு வாசம். அப்பா கடையும்போது பழைய பாட்டுகளை முணுமுணுப்பார். அம்மா கறிக்கு வெங்காயம் வெட்டிக்கொண்டு, அவருடைய முதுகைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். நான் பத்து வயதில் அந்தப் பார்வையை வெங்காயக் கண்ணீர் என்று நினைத்தேன். மன்னார் மாமாவின் முதலாளி ஒரு பின்னேரத்தில் செய்து தந்திருக்கக்கூடிய சட்டியை அம்மா ஏன் வேண்டாம் என்றாள் என்பது, எனக்கும் ஒரு கணவன் வேலையில்லாமல் வீட்டில் இருந்த காலத்தில்தான் விளங்கியது.

சிலேட்டுக்கல் பழைய சாமான் சதுக்கத்தில் கிடைத்தது. ஏதோ பள்ளிக்கூடத்தில் இருந்து கழித்த கரும்பலகையின் உடைவு. அதன் ஓரத்தில் யாரோ வெண்கட்டியால் எழுதிய பாதிச் சொல் இருந்தது. அப்பா அதைத் தண்ணீர் ஊற்றி ஊற்றி அறுத்து வட்டமாக்கினார்.

கார்னிவல் விடுமுறையில் நாங்கள் மூவரும் நொன்னோ வீட்டுக்குப் போனோம். தெருவெல்லாம் நிறக் கடதாசித் துகள். அப்பா அந்த வீட்டுக்குள் அதுவரை வந்ததில்லை. நல்ல சேட்டுப் போட்டு, சட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கம்பளத்தில் மிதிக்காமல் ஓரமாக நடந்தார். சின்யோரா தொலைபேசியில் யாருடனோ பேசிக்கொண்டிருந்தாள்.

அம்மா நொன்னோவை நிமிர்த்தி இருத்தி, மடிமேல் சாப்பாட்டுத் தட்டை வைத்தாள். அப்பா மூன்று கால் சட்டியைத் தட்டில் வைத்தார். நொன்னோ அதைப் பார்த்தார். அப்பாவைப் பார்த்தார். இடது கையால் ஒவ்வொரு காலாகத் தொட்டார். பிறகு குச்சியை எடுத்து உரசினார்.

கிறீச் என்று வந்தது. அப்பா சட்டியைத் திருப்பி எடுக்கக் கை நீட்டினார். நொன்னோ அவரைக் கவனிக்கவில்லை. குச்சியைக் கொஞ்சம் சாய்த்து, கல்லின் நடுவை விட்டு ஓரத்துக்கு வந்து, சின்ன வட்டமாக இழுத்தார். அப்போது வந்தது. அறைக்குள் ஒரு வான்கோழி நின்று கத்தியது. ஒன்று, பிறகு கூட்டமாக.

சின்யோரா தொலைபேசியைக் கையில் பிடித்தபடி வாசலுக்கு வந்தாள். "மறுபடி இந்தச் சத்தமா!" என்று தொடங்கினாள்.

நொன்னோ நிறுத்தினார். பிறகு நீளமாக ஒரு இழுப்பு. அம்மா தண்ணீரை எடுத்துக் குடிக்கக் கொடுத்தாள். குட்டையாக இரண்டு. அம்மா தலையணையைச் சரிசெய்தாள்.

அம்மா என்னைப் பார்த்தாள். "சின்யோராவுக்குச் சொல்லு பிள்ளை. ஏதாவது கேட்டுப் பாக்கட்டாம். ஓம் எண்டா ஒண்டு, இல்லையெண்டா இரண்டு எண்டு நொன்னோவுக்கும் சொல்லு."

நான் சொன்னேன். சின்யோரா நம்பாமல் நின்றாள். பிறகு குனிந்து, குழந்தையிடம் கேட்பதுபோல, "பப்பா, கோப்பி வேணுமா?" என்றாள். ஒன்று. "பால் விட்டா?" இரண்டு. அவள் கட்டிலின் விளிம்பில் இருந்தாள். தொலைபேசியில் யாரோ ஹலோ ஹலோ என்று கத்திக்கொண்டிருந்தார்கள். "பப்பா, நான் யார் என்று தெரிகிறதா?" என்று கேட்டாள். நொன்னோ குச்சியைக் கீழே வைத்துவிட்டு அந்தக் கையால் அவளுடைய கன்னத்தைத் தொட்டார்.

அப்பா யன்னல் பக்கம் திரும்பி நின்று திரைச்சீலைத் துணியை ஆராய்ந்தார்.

நொன்னோவை எங்கும் கொண்டுபோகவில்லை. மணியை ஏன் அவர் தொடவில்லை என்று நாங்கள் வெகுகாலம் பேசினோம். பிடிவாதம் என்றார் அப்பா. பழக்கமில்லை என்றாள் அம்மா. அந்த மணி, முன்னொரு காலத்தில் அந்த வீட்டில் வேலைக்காரரைக் கூப்பிட வைத்திருந்தது. வாழ்க்கை முழுக்கக் கூலிக்கு உழைத்த அந்த மனிதருக்கு, வாயில் சோறு தீத்துகிறவளை அதை அடித்துக் கூப்பிட மனம் வந்திருக்காது என்று எனக்கு இப்போது தோன்றுகிறது. பிழையாகவும் இருக்கலாம்.

அடுத்த மாரியில் அப்பாவுக்கு வேலை இருந்தது. அமெரிக்காவில் நொன்னோவோடு வேட்டைக்குப் போனவர்களுக்குச் சின்யோரா இரண்டு சட்டிகளை அனுப்பினாள். அவர்கள் மேலும் கேட்டார்கள். கால் இல்லாத சட்டிகள், ஒலிவ மரத்திலும் பாதாம் மரத்திலும். மொண்டெல்லோவில் குடைகளை மடக்கத் தொடங்கினால் அப்பா மரம் பார்க்கப் போய்விடுவார். பின்னேரங்களில் கதவைத் தட்டினால், வேலை முடிந்து வந்த அம்மாதான் திறக்க வேண்டியிருந்தது, மெசின் சத்தத்தில் அவருக்குக் கேட்காது.

நொன்னோ அதற்குப் பிறகும் சில வருடங்கள் இருந்து, தன் கட்டிலிலேயே போனார். அடக்கம் முடிந்த ஒரு ஞாயிறு பின்னேரம் எங்கள் வீட்டுத் தொலைபேசி அடித்தது. அமெரிக்காவில் இருந்து ஒரு முதியவர். நொன்னோவின் வேட்டைக் கூட்டாளி. செய்தி கேள்விப்பட்டு, சின்யோராவிடம் எங்கள் இலக்கத்தை வாங்கியிருந்தார். அப்பா கேட்டுவிட்டு என்னிடம் தந்தார். என் பள்ளி இங்கிலிஷில், அவர் கவலைப்படுகிறார் என்பது மட்டும் விளங்கியது. சொன்னேன். அப்பா தொலைபேசியை வாங்கி, "யெஸ், யெஸ்," என்றார். அதற்கு மேல் இருவருக்கும் சொல்ல ஒன்றும் வரவில்லை. ஆனால் இருவரும் வைக்கவும் இல்லை.

பிறகு தொலைபேசிக்குள் ஒரு வான்கோழி கத்தியது.

அப்பா திடுக்கிட்டார். தொலைபேசியை மேசையில் வைத்து, முடித்து வைத்திருந்த சட்டி ஒன்றை எடுத்து, கல்லை மண்தாளால் ஒருமுறை தேய்த்து, பதில் உரசினார். அங்கிருந்து வந்தது. இவர் கொடுத்தார். இருவரும் மாறி மாறி உரசினார்கள், சில இடங்களில் மெல்ல, சில இடங்களில் விட்டுவிட்டு. நான் பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

குசினியில் இருந்து அம்மா கூப்பிட்டாள். "ஆரோடை இவ்வளவு நேரம் கதைக்கிறியள்?"

"நொன்னோவின்ரை கூட்டாளியோடை."

"என்னவாம்?"

அப்பா குச்சியைப் பிடித்தபடி தொலைபேசிப் பக்கம் காதைச் சாய்த்தார்.

"அங்கை மழையாம்," என்றார்.